றசீனாவின் கினிப்பன்றி

12.11.1991, செவ்வாய்

இன்றும் கடித்துவிட்டது. கூட்டைத் துப்புரவாக்கத் தூக்கினேன், பெருவிரலில் இரத்தம். "நாளைக்கு இதை ஆருக்காவது குடுத்துவிடுமப்பா" என்றார் இவர்.

எப்படிக் கொடுப்பது? போன வருடம் புலிகள் எருக்கலம்பிட்டி முஸ்லிம் சனங்களை வெளியேறச் சொன்னபோது, றசீனா என் கையில் தந்துவிட்டுப் போன கினிப்பன்றி இது. நாங்கள் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடம் படிப்பித்தவர்கள். பின்னேரங்களில் அவள் வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கும்போது இது அவள் மடியில்தான் கிடக்கும். நான் பிடிக்கப் போனால் சிரிப்பாள்.

"மேலயிருந்து கையைக் கொண்டு போகாதீங்க டீச்சர், பருந்தெண்டு பயந்திரும். கீழ கையை வச்சிட்டு சும்மா இருங்க. அதுவா வரும்."

இதை எப்படி மறந்தேன்? பின்னேரம் நிலத்தில் குந்தியிருந்து உள்ளங்கையை விரித்து வைத்தேன். கால் விறைத்துவிட்டது. கடைசியில் மணந்து பார்த்து, மெல்ல ஏறி இருந்தது. கடிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சரி, இருக்கட்டும்" என்றார் இவர்.

றசீனாவுக்குச் சொல்லவேண்டும். புத்தளத்தில் எந்த அகதி முகாமென்று தெரியாது. பெயரை மட்டும் எழுதிப் போட்டால் கடிதம் போய்ச் சேருமோ?