முட்டை உடையாத வண்டி

சேந்தமங்கலம்,
பங்குனி 14

அன்புள்ள அகல்யாவுக்கு,

நானும் உன் அண்ணனும் கோழிகளும் இங்கே நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் அந்தப் பனியில் எப்படி இருக்கிறீர்கள் என்று போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் உன் அழைப்பு வந்தால் உன் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிடுகிறார். நாம் பேசுவது ஷெட்டில் தீவனம் போடும் மயிலம்மாள் வரைக்கும் கேட்கிறது. இது அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டிய விஷயம். அதனால் எழுதுகிறேன்.

எனக்குத் துறைத்தலைவர் பதவி வந்திருக்கிறது. இடம் எடப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. இத்தனை வருடம் ராசிபுரம் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய் வந்தவளுக்கு இது வேறு கணக்கு. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி தாண்டிப் போக வேண்டும். ஒரு பக்கமே எழுபது கிலோமீட்டருக்கு மேல் வரும். பஸ் மாறி மாறிப் போனால் போய்ச் சேரும்போதே பாதி உயிர் போய்விடும். அங்கேயே ஒரு வீடு எடுத்துத் தங்கி சனிக்கிழமை வரலாமே என்று உடன் வேலை செய்பவர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. காரணம் கேட்காதே. ஆகவே நல்ல வண்டி ஒன்று அமைந்தால் பதவி, இல்லாவிட்டால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான். சித்திரை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டிலிருக்கும் பழைய கார் நாமக்கல் சந்தைக்குப் போய்வரும். அதற்குமேல் அதைக் கேட்பது பாவம்.

ஒரு மாதமாக நான் படிப்பதெல்லாம் வண்டிகளைப் பற்றித்தான். நீ சிரிப்பாய். ஆனால் இதில் இவ்வளவு சுவாரசியம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மைலேஜ் என்று ஒரு எண் சொல்கிறார்களே, அது எப்படி வந்தது என்று சேலம் ஷோரூமில் ஈஸ்வர் என்கிற பையனிடம் கேட்டேன். எந்த ரோட்டில் ஓட்டினார்கள், எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஏசி போட்டிருந்ததா என்று. கம்பெனி கொடுத்த எண் மேடம் என்றான். கம்பெனிக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு ஜூஸ் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டான்.

பிறகு பழைய காரிலேயே ஒருமுறை எடப்பாடி வரை மெதுவாகப் போய் வந்தேன். வழியைத் தெரிந்துகொள்ளாமல் வண்டியைத் தெரிந்துகொள்ள முடியாது அல்லவா? திருச்செங்கோட்டை நெருங்கும்போது போர்வெல் போடும் ரிக் வண்டிகள் முன்னால் ஊர்ந்துகொண்டு போகின்றன. சங்ககிரியில் லாரிகள். அவற்றைத் தாண்ட வேண்டுமானால் மிதித்த உடனே பாய்கிற இழுவை வேண்டும். தினமும் அவ்வளவு தூரம் போக வேண்டுமானால் எண்ணெய் குடிக்காத வண்டி வேண்டும். இரண்டும் ஒரே வண்டியில் கிடைக்குமா என்று உன் அண்ணனிடம் கேட்டேன். கிடைக்கும், மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைத்தால் கிடைக்கும் என்றார்.

எலெக்ட்ரிக் வண்டியும் பார்த்தேன். ஆசையாகத்தான் இருந்தது. பண்ணையில் கரண்ட் போகும் நாட்களை நினைத்து விட்டுவிட்டேன். கடைசியில் நின்றவை இரண்டு. ஒன்று சிஎன்ஜியில் ஓடும் சின்ன வண்டி. செலவு மிகக் குறைவு, ஆனால் ஏற்றத்தில் கெஞ்ச வேண்டும். மற்றது டர்போ பெட்ரோல். பாய்கிறது, குடிக்கவும் குடிக்கிறது. என் கணக்கில் சிஎன்ஜிதான் ஜெயிக்கிறது.

இங்கேதான் உன் அண்ணன் நுழைந்தார். தாளில் போடும் கணக்கை அவர் நம்புவதில்லை. இருபத்தைந்து வருடமாக முட்டை ஏற்றி ஓட்டுகிறவர். முட்டை உடையாமல் ஓடுகிற வண்டிதான் எண்ணெயும் குடிக்காது, ஆளையும் கொல்லாது என்பது அவர் சித்தாந்தம். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பில்லை. திடீரென்று மிதிக்காமல், திடீரென்று நிறுத்தாமல் போகும்போதுதானே எண்ணெய் மிச்சமாகிறது? ஈஸ்வர் கொண்டுவந்த வண்டியின் பின்சீட்டில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அட்டை அட்டையாக முட்டையை அடுக்கினார். அந்தப் பையன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "சார், சீட்டு நாறுமுங்க சார்" என்றான். "நாறுனா என்னப்பா, ஆம்லெட்டு போட்டுத் தாரேன்" என்றார் உன் அண்ணன்.

ஓட்டினார். முன்வரிசை முட்டைகள் பாதி உடைந்தன. சிஎன்ஜி வேண்டாம் என்றார். மறுவாரம் டர்போ வந்தது. அதிலும் உடைந்தது, அதுவும் வேண்டாம். நாமக்கல்லில் வேறொரு கடையில் மூன்றாவதாக ஒரு வண்டியைப் பார்த்தோம். அதற்கும் அதே தீர்ப்பு. சஸ்பென்ஷன் சரியில்லை, இதில் உன்னை அனுப்ப மாட்டேன் என்கிறார்.

அகல்யா, மூன்று கம்பெனிகள் செய்த மூன்று வண்டிகளும் எப்படி ஒரேபோல் மோசமாக இருக்கும்? எதையும் எளிதில் நம்பாத புத்தி எனக்கு என்பது உனக்குத் தெரியும். அவர் வேண்டாம் என்பது வண்டியையா, நான் போவதையா? நேரில் சொல்லத் தயங்கி முட்டைமேல் பழி போடுகிறாரோ என்று தோன்றுகிறது. கூடப் பிறந்தவள் நீ, உனக்குத் தெரிந்தால் எழுது. ஒளிக்காமல் எழுது. அது உண்மையென்றால் நான் சண்டை போட மாட்டேன். தெரிந்துகொண்டால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

உன்
சாரதாமணி

---

சேந்தமங்கலம்,
சித்திரை 16

அன்புள்ள அகல்யாவுக்கு,

உன் பதில் கிடைத்தது. "அண்ணன் மனசுல ஒண்ண வெச்சுட்டு வெளிய ஒண்ணு பேசற ஆளில்ல. நீ படிச்ச படிப்பு எதுக்கு, சோதிச்சுப் பாரு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். விடுதியில் ஒரே அறையில் புள்ளியியல் படித்த காலத்திலும் நீ இப்படித்தான். நான் பக்கம் பக்கமாகப் போட்ட கணக்குக்கு நீ கடைசி வரியை மட்டும் எழுதி மதிப்பெண் வாங்குவாய்.

சோதித்தேன். இரண்டு வண்டி, ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர், மொத்தம் நாலு ஓட்டம். அதே ரோடு, அதே வேகத்தடைகள், அன்று காலையில் எடுத்த முட்டைகள், ஒரே ஷெட்டுக் கோழிகள் இட்டவை. ஈஸ்வர் இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு இரண்டு வண்டிகளையும் ஒரே நாளில் கொண்டுவந்தான். இதோடு வாங்காவிட்டால் என்னைக் கடையைவிட்டே அனுப்பிவிடுவார்கள் மேடம் என்று கும்பிட்டான்.

நான் ஓட்டியபோது சிஎன்ஜியில் இரண்டு முட்டை உடைந்தது, டர்போவில் ஒன்று. அவர் ஓட்டியபோது இரண்டிலுமே முன்வரிசை முழுக்கப் போயிற்று. வண்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. யார் ஓட்டுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். வண்டி ஓட்டுவதில் உன் அண்ணனை ஜெயித்துவிட்டேன் அல்லவா? அதற்குப் பிறகுதான் ஏன் என்ற கேள்வி வந்தது. இருபத்தைந்து வருடம் முட்டை ஏற்றியவர் கையில் ஏன் உடைகிறது? முன்வரிசை மட்டும் உடைந்தால் பிரேக்கை ஒரேயடியாக அமுக்குகிறார் என்று அர்த்தம். அது அவர் வழக்கமே இல்லை.

பதில் தரையில் இருந்தது. புது வண்டியில் செருப்போடு ஏறக்கூடாது என்று நம் பக்கத்தில் எல்லாரும் வெளியே கழற்றி வைப்போமே, உன் அண்ணன் ஷோரூம் வண்டியானாலும் கழற்றிவிடுவார். அவரைப் பார்த்து ஈஸ்வரும் ஷூவைக் கழற்றியிருந்தான். ஓட்டி முடித்து ரோட்டோரம் நிறுத்திவிட்டு எல்லாரும் இறங்கினோம். சித்திரை மாதத்து மத்தியான வெயில், கீழே தார் ரோடு. ஈஸ்வர் சாக்ஸ் போட்டிருந்தும் காலை மாற்றி மாற்றி வைத்துக் குதிக்கிறான். நான் சேலை நுனியை மிதித்துக்கொண்டு நிற்கிறேன். உன் அண்ணன் நடுத்தாரில், வெறுங்காலோடு, கோயில் தூண் மாதிரி அசையாமல் நின்று சஸ்பென்ஷனைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கிறார்.

"சுடலைங்களா சார்?" என்று பையன் கேட்டான்.

"பண்ணக்காரன் காலு தம்பி. இதுக்கெல்லாம் சுடாது" என்றார்.

பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சர்க்கரையில் உங்கள் அப்பாவின் கால் எப்படிப் போயிற்று என்பதை நாம் இருவரும்தானே ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்தோம்?

வண்டிகள் போன பிறகு அவர் உடைந்த முட்டைகளை நாய்த் தட்டில் வழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கத் தெரியாதவள் நான். "ஏனுங்க, பிரேக்கு காலுக்குத் தெரியுதுங்களா?" என்று கேட்டேன்.

முட்டை ஓடுகளைப் பொறுக்கி ஒதுக்கினார். பிறகு, "தெரியல அம்மிணி. குனிஞ்சு பாத்துத்தான் மிதிக்கறேன்" என்றார். தீபாவளிக்கு முன்னாலிருந்தே இப்படியாம். பஞ்சுமேல் நடப்பதுபோல் இருக்கிறதாம். செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் ஷெட்டின் பாதி தூரம் போய்விடுகிறாராம். பழகிய வண்டியில் கால் தானாக அளவறிந்து மிதித்துவிடுவதால், முட்டை உடைவதற்கும் காலுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. வண்டிதான் மோசம் என்று நிஜமாகவே நம்பியிருக்கிறார். அதில் என்னை அனுப்பப் பயந்துதான் ஒவ்வொன்றாக வேண்டாம் என்றிருக்கிறார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ எடப்பாடிக்குப் போவியா?" என்றார்.

மீதி ஓடுகளை நான் பொறுக்கினேன். இதைப்பற்றி உனக்கு மேற்கொண்டு எழுதப்போவதில்லை.

மறுநாளே சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் ஓட்டினேன், அவர் இடப்பக்கம் உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து இது முதல்முறை. ராசிபுரம் வரைக்கும் எனக்காக அவரும் பிரேக் போட்டுக்கொண்டே வந்தார், இல்லாத பிரேக்கை. அதற்குப் பிறகு தூங்கிவிட்டார். டாக்டர் அவரைக் கண்ணை மூடச்சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலில் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். உன் அண்ணன் ஒவ்வொரு முறையும், தொடாதபோதுகூட, தெரியுதுங்க என்றார். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவரைப் போலிருந்தது. குதிகாலில் கோழிக்கூண்டுக் கம்பியின் துண்டு ஒன்று ஏறிப் புண்ணாகிக் கிடந்தது. எப்போது ஏறியதென்று அவருக்கே தெரியாது. எடுத்துக் கட்டுப் போட்டார்கள். சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் காலைக் காப்பாற்றலாம், ஆனால் இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது, செருப்பில்லாமல் ஓரடி வைக்கக்கூடாது, தினமும் யாராவது உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்றார்.

வீடு வந்ததும் பதவியை வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன் என்றேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு. அன்று கோபப்பட்டார். கால் போனாலும் போகட்டும், நான் வீட்டில் உட்கார்ந்து அதைக் காவல் காக்கக்கூடாது என்றார். கால் போகட்டும் என்று இன்னொரு தடவை சொன்னால் நிஜமாகவே வேண்டாம் என்று எழுதிவிடுவேன் என்றேன். அத்தோடு சண்டை தீர்ந்தது. மறுநாள் சம்மதம் என்று எழுதி அனுப்பினேன்.

வண்டியும் வாங்கிவிட்டேன், டர்போ. என் கணக்குப்படி சிஎன்ஜிதான் சரி, இப்போதும் அதுதான் சரி. ஆனால் அந்தக் கணக்கில் சாயங்காலம் என்ற ஒன்றை நான் சேர்க்கவில்லை. அவரால் குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியவில்லை, வயிறு தடுக்கிறது. மயிலம்மாளிடம் காலை நீட்டமாட்டேன் என்கிறார். அப்படியென்றால் வெளிச்சம் இருக்கும்போதே நான் வீடு வந்து சேர வேண்டும். ரிக் வண்டிக்குப் பின்னால் திருச்செங்கோடு வரை ஊர்ந்துகொண்டு வர முடியாது. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. எண்ணெய் குடிக்கும் வண்டியை எடுத்துட்டாளே என்று எல்லாரிடமும் புலம்புகிறார். புலம்பட்டும்.

ஜூனில் சேர வேண்டும். இப்போதே வாரத்தில் இரண்டு நாள் பழகிப் பார்க்கிறேன். சங்ககிரிப் பாலத்துக்கு முன்னால் லாரியைத் தாண்டும்போது வயிற்றுக்குள் ஒரு குதூகலம் வருகிறது, அகல்யா. ஐம்பதை நெருங்குகிறவளுக்கு இது தேவையா என்று தெரியவில்லை. வருகிறது.

இனி, இதை எழுதத் தொடங்கிய காரணம். போன மாதம் போனில் பேசும்போது, குளிருக்குக் கால்விரல் மரத்துப்போய்விடுகிறது, வீட்டுக்குள் வந்து வெகுநேரம் ஆனாலும் உணர்ச்சி திரும்புவதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன். உனக்கும் அப்பாவின் சர்க்கரைதானே? குளிர்தான் என்று நீயாக முடிவு கட்டாதே. உன் வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரச் சொல். நீ கண்ணை மூடிக்கொள். ஒரு நூலால் அவர் உன் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கட்டும், நடுவில் தொடாமலும் இருந்து பார்க்கட்டும். நீ உன் அண்ணனைப் போல ஏமாற்றாதே.

தெரிந்தால், தெரிகிறது என்று ஒரு வரி எழுது. தெரியாவிட்டால் எழுத வேண்டாம். கிளம்பி வந்துவிடு.

நல்லா இரு சாமி.

உன்
சாரதாமணி