ஜெகன் முகம் போட்ட கத்திக்காரன்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். எண்ணூர்ப் பக்கக் காற்று, தொண்டையில் அதே எரிச்சல். பயிற்சி மண்டபத்தில் ஒரு ஏசி போச்சு. கண்ணில் மாட்டும் வி.ஆர். ஹெட்செட் லென்ஸ் எல்லாம் வியர்வை. துடைத்துத் துடைத்துக் கை வலி.

பார்க்க வேண்டியவை: இரண்டாவது ஹெட்செட்டில் சார்ஜ் நிற்கவில்லை. ஸ்பீக்கர் ஒயர். தரையில் மஞ்சள் டேப் புதிதாக ஒட்ட வேண்டும் (நேற்று ஒரு காவலர் நேராகச் சுவரில் போய் முட்டிக்கொண்டார்).

இன்று புது பேட்ச் போலீஸ். ஹெட்செட்டில் ஓடும் காட்சி அதேதான். டீக்கடை வாசல், போதையில் ஒரு ஆள், கையில் மீன் வெட்டும் கத்தி. தள்ளி நின்று, குரலைத் தாழ்த்தி, பேரைக் கேட்டு, பொறுத்திருந்தால் கத்தியைக் கீழே போடுவான். அதட்டினால் பாய்ந்து குத்துவான். பாடம் அவ்வளவுதான். முக்கால்வாசிப் பேர் அதட்டுகிறார்கள். குத்து வாங்குகிறார்கள்.

ஏட்டு கோதண்டம் ஹெட்செட்டைக் கழற்றும்போது சட்டை முழுக்க ஈரம். "இன்னா தம்பி, உன் ஆளு என்னிய ரெண்டு வாட்டி சொருவிட்டான். நெஜக் கத்திக்குக்கூட நான் இப்டி பயந்ததில்ல. மூஞ்சி அப்டியே கண்ணுல நிக்குது."

பின்னாலிருந்து ஒருவர்: "வூட்ல அண்ணிகிட்ட இதே மாரி தணிவா பேசு ஏட்டய்யா. கரண்டிய கீழ போட்டுடுவாங்க."

எல்லோருக்கும் சிரிப்பு. ஏட்டுக்கு மட்டும் இல்லை.

அந்த 'ஆளு' ஜெகன். எங்கள் கொருக்குப்பேட்டை ஜெகன், என்னோடு பள்ளியில் படித்தவன். கம்பெனி முதலில் அனுப்பிய நடிகரின் மெட்ராஸ் பாஷையைக் கேட்டுப் போலீஸ்காரர்களே சிரித்துவிட்டார்கள். நான்தான் ஜெகனைக் கூட்டிப்போய் முகம், உடம்பு, நடை எல்லாம் ஸ்கேன் எடுத்தேன். கத்தச் சொன்னேன், கத்தினான். கன்டெய்னர் யார்டில் வேலை, குரல் அப்படி. நிஜத்தில் கோழி அறுத்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறவன். "அப்போ ஈரோ நான்தானே மாமு?" என்று கேட்டுக்கொண்டே பிரியாணி தின்றான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மழை வருவதுபோல் வந்து ஏமாற்றிவிட்டது. சாயங்காலம் தண்டவாளத்துப் பக்கம் டீக்கடை. ஜெகன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"மாமு, திருவொத்தியூர் ரோட்ல செக்கிங். வண்டி ஆர்.சி. எடுக்க நானு பைல கைய வுடறேன், அந்தப் போலீசு மெர்சலாயி பின்னால போறாரு. 'கைய வெளிய எடுடா'ன்னு லத்திய ஓங்கிட்டாரு. அப்பால உத்து உத்துப் பாத்துகினு, 'உன்ன எங்கியோ பாத்துக்கீறேனே'ன்றாரு."

"நீ என்ன சொன்ன?"

"யார்டு பக்கம் பாத்திருப்பீங்க சார்னேன். போன வாரம்கூட ஒருத்தரு இப்டித்தான். நம்ம மூஞ்சி ராசி அப்டி."

அந்தப் போலீஸ்காரர் இவனை எங்கே பார்த்தார் என்று எனக்குத் தெரியும். மண்டபத்தில். கத்தியோடு. நான்தான் காட்டினேன்.

சொன்னேன். முதலில் சிரித்தான். அப்புறம் கிளாஸைக் கீழே வைத்தான்.

"எத்தினி போலீசுக்கு என் மூஞ்சியக் காட்டிக்கீற?"

இந்தப் பக்கத்து ஸ்டேஷன் எல்லாவற்றுக்கும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வித்யா மேடம் (புராஜெக்ட் மேனேஜர்) வீடியோ காலில். முகத்தை மாற்ற வேண்டும் என்றேன்.

"புது முகம்னா எல்லாம் முதல்லேருந்து பண்ணணும் பாலா. அடுத்த வாரம் பெரிய அதிகாரிங்க வர்றாங்க. அதுவரைக்கும் எதையும் தொடாத. ரியலா இருக்குன்னு எல்லாரும் சொல்றதே அந்த முகத்தாலதான்."

"அவனுக்கு ஆபத்து மேடம்."

"சம்மதிச்சுதானே நடிச்சார்?"

ஆமாம். சம்மதித்தான். கால் கட்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

லீவு. மண்டபச் சாவி என்னிடம்தான். கரண்ட் இரண்டு முறை போய் வந்தது.

யோசனை: திரும்பத் திரும்பக் கெட்டவனாகப் பார்த்ததால் பயம் வந்தது என்றால், நல்லவனாகப் பார்த்தால் போக வேண்டும். அதே கருவி, அதே முறை. புதுக் காட்சி கட்டினேன். ஜெகன் பைக் காணாமல் போய்ப் புகார் கொடுக்க வருகிறான். வெறுங்கை. சட்டைப் பையிலிருந்து ஆர்.சி.யை எடுத்து நீட்டுவான். அவ்வளவுதான்.

மதியம் சாப்பிடவில்லை. தலைவலி. ஆனால் வேலை சுத்தம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மேடத்திடம் சொல்லாமல் ஓட்டினேன். முதலில் ஏட்டு.

காட்சியில் ஜெகன் வந்து "வணக்கம் சார்" என்றதுமே ஏட்டின் தோள் இறுகியது. சட்டைப் பைக்குள் கையை விட்டான். ஏட்டு கத்தினார். கையிலிருந்த பயிற்சி லத்தியைச் சுழற்றினார். காற்றில்தான், ஆனால் கேமரா ஸ்டாண்டு சாய்ந்து விழுந்தது.

"அவரு புகார் குடுக்க வந்தவரு ஏட்டய்யா."

"இவனா? யார்கிட்ட டபாய்க்கிற தம்பி? கத்திய எங்க வெச்சிகீறான், அத சொல்லு."

அடுத்தவர். அதற்கடுத்தவர். அதேதான். ஒருத்தர்கூடப் பேரைக் கேட்கவில்லை.

மோசமாக்கிவிட்டேன். முன்பு கத்தியோடு வருகிறவன். இனி வெறுங்கையோடு வந்தாலும் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறவன். காட்சியை அழித்தேன். பார்த்தவர்கள் பார்த்தாயிற்று.

ஆகஸ்ட் 13, புதன்

மதியம் ஜெகனின் அம்மாவிடமிருந்து போன். வண்ணாரப்பேட்டையில் சட்டை எடுக்கப் போனவனைப் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். பழைய குற்றவாளிகள் போட்டோவில் தேடுகிறார்களாம்.

ஓடினேன். ஐடி கார்டு, லேப்டாப்பில் ஸ்கேன், எல்லாம் காட்டினேன். எஸ்.ஐ. சிரித்தார். "அதான பாத்தேன்! நல்லா நடிக்கிறான்யா." விட்டுவிட்டார்கள். வெளியே வரும்போது வாசல் காவலர் வழிவிட்டார், ஜெகனின் கைகளையே பார்த்தபடி.

ஜெகன் உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. கேட்டேன். "வுடு" என்றான்.

அவன் அம்மா: "டேய் பாலா, உன்ன நம்பித்தானடா வந்தான். இன்னாடா பண்ணி வெச்சிக்கீற என் புள்ளைய?"

"பாத்துக்கறேன் அத்தை."

எப்படி என்று தெரியாது.

ஆகஸ்ட் 14, வியாழன்

பெரிய அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், கைதட்டினார்கள். மற்ற மாவட்டங்களுக்கும் போகிறதாம். இதே காட்சி, இதே முகம். மேடம் எனக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து அனுப்பியிருந்தார்.

நாளை சுதந்திர தினம். துறைமுக ரோடு முழுக்க இன்றே தடுப்பு. ஜெகனுக்கு நாளை காலை ஷிஃப்ட், லீவு கிடையாது.

சாயங்காலம் அவன் வீட்டு மொட்டை மாடி. பக்கத்தில் கூட்ஸ் வண்டி நகரும் சத்தம்.

"நானு எப்டி நிக்கணும், அத சொல்லு. அவங்களுக்கு மட்டும் சொல்லித் தர? எனக்கும் தா."

சொல்லிக்கொடுத்தேன். தள்ளி நில். குரலைத் தாழ்த்து. கை தெரியட்டும். பையைத் தொடுமுன் கேள். போலீசுக்கு நடத்தும் அதே பாடம், ஆள் மட்டும் மாற்றம். நான் போலீஸ், அவன் அவனே.

முதல் முறை வேகமாகப் பேசினான். "மறுபடி" என்றேன். அடுத்த முறை கையை ஆட்டினான். "மறுபடி."

"இன்னா பேஜாருடா இது, என் மூஞ்சிக்கு நானே டூட்டி பாக்கறேன்."

"மறுபடி."

நிமிர்ந்தான். கையை விரித்துக் காட்டினான். "சார், ஆர்.சி. பைல கீது சார். எடுக்கட்டா சார்?"

குரல் நன்றாகத் தணிந்திருந்தது. எடு என்றேன். கை மெல்லப் பைக்குள் போனது.

நான் ஒரு அடி பின்னால் போய்விட்டேன்.

ஜெகன் பார்த்துவிட்டான். கையை வெளியே எடுக்காமல் அப்படியே நின்றான்.