அண்ணன் முகத்துக்கு நான் போட்ட வெளிச்சம்

என் செல்ல அண்ணனுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு முதலாண்டு நினைவு ஜெபம். வடசேரியில் மழையில் வண்டி சறுக்கி நீ விழுந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. புதுக்கடை ஜங்ஷனில் வைக்கப் பிளக்ஸ் அடிக்க வேண்டும், படம் அனுப்புங்கள் என்று கடையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். நான் இன்னும் அனுப்பவில்லை. ஏன் என்று உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நம் பிழைப்பு உனக்குத் தெரியாததா. வெளிநாட்டு கேம் கம்பெனிகளுக்காக ரத்தம் குடிக்கும் பிரபுக்களையும் சாபம் பிடித்த ராணிகளையும் பாழடைந்த கோட்டைகளில் நிற்பதுபோல் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தோம். ஆள் எங்கே நிற்க வேண்டும், பார்ப்பவர் கண் முதலில் எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் உன் பாடு. வெளிச்சமும் நிறமும் என் பாடு. மாதிரிக்கு ஆள் வேண்டுமென்றால் நீயே கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்பாய். சிரிக்காமல் நில் என்று எத்தனை தடவை உன்னைத் திட்டியிருப்பேன்.

நீ போன அன்று கண்ணீர் அஞ்சலி பிளக்ஸுக்குப் படம் கேட்டார்கள். கம்ப்யூட்டரில் தேடினால் உன் படங்கள் எல்லாமே அந்தப் போர்வைப் படங்கள்தான். அதில் ஒன்றை எடுத்து, போர்வையை வெட்டிவிட்டு வெள்ளைச் சட்டை வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். கைப்பழக்கத்தில் நிழலில் நீலம் சேர்த்தேன், ஓரங்களை இருட்டாக்கினேன், தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு இழுத்தேன், முகத்தை வெளுக்க வைத்தேன். அழுதுகொண்டேதான் செய்தேன். ஆனாலும் முடித்ததும், படம் நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு நிமிஷம் தோன்றியது அண்ணா. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சொந்தக்காரர்கள் எல்லாரும் நல்ல களையான முகம் என்றார்கள். அம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏட்டி, இவன் செத்தவன் மாதிரில்லா இருக்கான். எனக்க மொவன் உயிரோட எப்பிடி இருந்தான்னு ஒனக்குத் தெரியாதா?”

அடக்கம் முடிவதற்குள் பிளக்ஸை அவிழ்க்க வைத்துவிட்டாள்.

ஒரு வாரமாக அந்தப் படத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். டார்ச் வெளிச்சத்தை அழித்தேன், நீலத்தை எடுத்தேன், மஞ்சள் வெயில் போட்டுப் பார்த்தேன். யாரோ ஒரு கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றாய். உன் நிறம் எனக்கு நினைவில் இல்லை. கூடப் பிறந்து, ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவனின் நிறம் எப்படி மறக்கும்? இல்லை, நான் ஒருநாளும் அதைப் பார்க்கவே இல்லையா?

நேற்று மத்தியானம் அம்மாவை மாடிக்குக் கூப்பிட்டேன். நீ போன பிறகு நேற்றுத்தான் நம் அறைக்குள் வந்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, கறுப்பு போதாது என்றாள். கூட்டினேன். இன்னும் என்றாள். இத்தனை இருட்டு வரைந்த எனக்கு ஒரு கறுப்பு முகம் போடத் தெரியவில்லை. கடைசியில் அம்மா தன் கையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

“இதப் பாத்துப் போடு மக்களே. இந்த நெறத்துலதான் அவனப் பெத்தேன்.”

திரை வெளிச்சத்தில் அந்தக் கையும் நீலமாகத்தான் தெரிந்தது. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன், நாம் வேலைக்காக எப்போதும் சாத்தியே வைத்திருந்த ஜன்னல். வெயிலில் அந்தக் கறுப்புக்குள் கொஞ்சம் செம்மண் நிறம் இருந்தது. அதை அப்படியே உன் கன்னத்தில் வைத்தேன். இது நீதானா என்று எனக்கு இன்னும் உறுதியில்லை. அம்மா நீட்டிய கையை எடுக்கவே இல்லை.

நாளைக்குப் படத்தை நானே கொண்டுபோகிறேன். கடையில் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கித் தருகிறோம் என்பார்கள். அச்சடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பேன். இனி உன்னை வெளுப்பாக்க யாரையும் விடமாட்டேன் அண்ணா, முதலில் என்னையே.

உன் கூடப்பிறந்தவள்,
ஷைனி