எரியாத பல்பும் உன் ஈரக்கையும்

அன்புள்ள அக்காவுக்கு,

கடலை உடைக்கும் ஆலைக்காரர்கள் உன்னைக் கொன்றார்கள். திண்டிவனத்தில் அதை விபத்து என்கிறார்கள். ஈரக்கையோடு மோட்டாரைத் தொட்டுவிட்டாயாம்.

உன் கை எப்போது அக்கா காய்ந்திருந்தது? தண்ணீர் தெளித்துப் புரட்டித்தானே மல்லாட்டையை மெஷினில் கொட்டச் சொன்னார்கள்? நனைத்தால் தோல் சீக்கிரம் உடையும், பருப்பின் எடையும் கூடும். லாபம் அவர்களுக்கு. ஈரம் மட்டும் உன்னுடையது.

கடைசியாக நான் பிரம்மதேசம் வந்தபோது, கேப்பைக் களியை உருட்டிப் போட்டுக்கொண்டே சொன்னாய்.

"டேய், அந்த மோட்டாராண்ட போனாலே சுரீர்னு இழுக்குதுடா. மேஸ்திரிகிட்ட சொன்னா, பல்பு எரியல, மோட்டாரு நல்லாத்தான் கீதுன்றாரு. உனுக்குப் பேய் புடிச்சிக்கிச்சான்னு சிரிக்கிறாரு."

"நீ இன்னா சொன்ன?"

"எங்கிட்ட வந்தா பேய் பட்டினி கெடக்கும், உங்க மானேஜர் வூட்டுக்கு அனுப்புங்கன்னேன்."

இருவரும் சிரித்தோம். அந்த வாரமே உன்னைப் புதைத்தோம்.

மறுநாள் நான் ஆலைக்குப் போனேன். விழுப்புரத்தில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறையில் வேலை செய்கிறவன் என்பதால் மேஸ்திரி உள்ளே விட்டார். அவருடைய சோதனைக் கருவி கரண்டில் மாட்டிய ஒரு பல்பும் இரண்டு ஒயர் முனைகளும்தான். ஒரு முனையை மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்றிலும், மற்றதை அதன் இரும்பு உடம்பிலும் வைத்தார். உள்ளே கசிவு இருந்தால் பல்பு எரிய வேண்டும்.

"தா பாரு, எரியல."

முனைகளை வாங்கி ஒன்றோடொன்று சேர்த்தேன். அப்போதாவது எரிய வேண்டுமே? எரியவில்லை. பல்பை மாற்றினேன். அப்போதும் எரியவில்லை. முனைகளைச் சேர்த்து வைத்தபடியே ஒயரைக் கையால் வளைத்துக்கொண்டே வந்தேன். ஒரு முனைக்குப் பக்கத்தில் வளைத்தபோது பல்பு மினுக்கென்று கண் சிமிட்டியது. மேலே துணி உறை முழுசாக இருந்தது. உள்ளே செப்புக் கம்பி அறுந்திருந்தது.

கம்பியை முறுக்கிச் சேர்த்து, மறுபடி மோட்டாரில் வைத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது.

உன்னோடு வேலை செய்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். மேஸ்திரி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எரியலன்னா நல்லதுன்னுதான் எனுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. முனைய மொதல்ல சேத்துப் பாக்கணும்னு எவன் சொன்னான்?"

மானேஜர் வந்தார். "உலகச் சண்டை நடக்குற நேரத்துல புது ஒயருக்கு எங்கடா போறது? நீயே அறுத்திருப்ப. பேஜாரு பண்ணாம போ."

இப்போது அந்த மோட்டார், ஆலையே பழுது பார்க்க அனுப்பி, எங்கள் பட்டறையில் கிடக்கிறது. கருகிய கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றுகிறேன். உன்னைக் கொன்றதை நானே பிழைக்க வைக்கிறேன். வேறு என்ன செய்ய? இல்லையென்றால் என் வேலை போகும். உன் மகளுக்குச் சோறு யார் போடுவது?

நேற்று அவள் கேட்டாள்: "எங்கம்மா மேலதான் தப்பாமே மாமா? ஈரக்கையோட தொட்டுச்சாமே?" நான் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. ஊரே சொல்கிறதே!

மோட்டாரை ஆலையில் மாட்டும் நாளில் நானும் போவேன். மானேஜரிடம் ஒன்று கேட்க வேண்டும்; ஏற்கெனவே ஒரு முறை கேட்டாயிற்று. அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார். அத்தனை பேர் முன்னாலும் மறுபடி கேட்பேன், கேட்டுக்கொண்டே இருப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

"எங்க அக்கா சொன்னது நெசம், ஒயருதான் அறுந்து கெடந்ததுன்னு அவ பொண்ணு மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க ஐயா. சொல்லுவீங்களா?"

உன் கையால் களி தின்று வளர்ந்த
தம்பி