ஒப்பிட்டேன் என்று எழுதிய பத்தொன்பது தாள்கள்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் யாருக்கும் உடம்புக்குக் குறையில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நலமாக இருப்பாய் என்றே நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தணிந்திருக்கிறது, மாடிப்படியை இப்போது நடுவில் நிற்காமல் ஏறிவிடுகிறாள். உன் தங்கைக்கு அலுவலகத்தில் இருக்கையை ஜன்னலோரம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், மூன்று நாளாக அதைப் பதவி உயர்வு போலச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். குளியலறைக் குழாய் மறுபடியும் சொட்டத் தொடங்கிவிட்டது. இவ்வளவையும் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனேன். அப்போது வாயைத் திறந்திருந்தால் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ள முடியாத சொற்கள் வந்திருக்கும். எழுத்தில் அந்த ஆபத்து குறைவு, அடித்துத் திருத்தலாம். ஆகவே இதை முழுவதும் படி. பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடாதே.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன், தெரியாது என்று இப்போது தெரிகிறது, அதனால் சொல்கிறேன். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளை யாரும் படிப்பதில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வீட்டில் மட்டும் படிப்பார்கள். அந்தத் தாளை அச்சிடும் இடத்தில் நான் மெய்ப்புப் பார்க்கிறேன். மருந்து நிறுவனம் ஒப்புதல் தந்த மூலம் ஒரு திரையில், எங்கள் அச்சகத்தில் பக்கம் அமைத்த படி இன்னொரு திரையில். வரி வரியாக, எண் எண்ணாக இரண்டையும் பார்த்து, முடிவில் 'ஒப்பிட்டேன்' என்று ஒரே ஒரு சொல்லை எழுதிக் கையெழுத்திடுவேன். 'சரி' என்று எழுத மாட்டேன். மருந்து சரியா தவறா என்பது என் அறிவுக்கு எட்டாதது. இரண்டும் ஒன்றா என்பது மட்டுமே என் பொறுப்பு. இருபத்தாறு வருடமாக அந்தச் சொல் விழாமல் அங்கே எந்தத் தாளும் இயந்திரம் ஏறியதில்லை. இன்னொன்றையும் நினைவில் வை: என் வேலையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளில் இரண்டு திரையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

பழைய கணினி செத்துப்போனபோது, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறவன் தோளில் சுமக்கக் கூடாது என்று, ஒரு கிலோகூட இல்லாத மெல்லிய மடிக்கணினியை வாங்கி அனுப்பினாய். கூடவே, பழைய இரண்டு திரைகளையும் மாட்டிக்கொள்ள இரண்டு துளை வைத்த சின்ன இணைப்புப் பெட்டி. அதில் உன் அன்பு இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. அங்கிருந்தபடியே நீ இந்தக் கணினிக்குள் புகுந்து என்னென்னவோ செய்தாய், அம்புக்குறி தானே ஓடியது, அம்மா ஏதோ வித்தை பார்ப்பதுபோல் கைவேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். கடைசியில், "ரெண்டும் எரியுதா அப்பா? அவ்வளவுதான். லேப்டாப்பை மூடியே வச்சிடுங்க, எதையும் நோண்டாதீங்க" என்றாய். இரண்டும் எரிந்தன. முன்போலவே மூலத்தை முதலிலும் படியை இரண்டாவதாகவும் திறந்தேன். பழைய கணினியில் முதலாவது இடப்பக்கமும் இரண்டாவது வலப்பக்கமும் தானே போய் உட்காரும். இங்கேயும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கின்றன என்று நம்பினேன். வரியின் கீழே மரஸ்கேலைப் பிடித்துக்கொண்டு விசைப்பலகையாலேயே நகர்த்துகிறவன் நான், சுட்டியைத் தொடுவது அபூர்வம். தொட்டபோது இரண்டு திரையிலும் ஒரே அம்புக்குறி ஓடியது, இரண்டு பக்கமும் சேர்ந்தே நகர்ந்தது. என் வசதிக்காக நீ செய்து வைத்த புதுமை என்று நினைத்தேன். பையன் நாம் கேட்காததையும் யோசித்துச் செய்திருக்கிறான் என்று அம்மாவிடம் சொன்னேன். அதைச் சொன்ன வாயை இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை.

இருபத்து மூன்று நாளில், வீட்டில் இருந்தபடி, பத்தொன்பது தாள்களுக்கு 'ஒப்பிட்டேன்' என்று எழுதினேன். பத்தொன்பதாவது, குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து. எங்கள் அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் நிற்பவரைப் பிளேடு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், அது அவருடைய வேலையை வைத்தா, ஓயாத பேச்சை வைத்தா என்று இதுவரை யாரும் தீர்த்துச் சொன்னதில்லை. அவர் வெட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு தாளை எடுத்துப் படித்திருக்கிறார். நேரே என் மேசைக்கு வந்து, "சார், என் பொண்ணுக்கு மூணு வயசு, இதே மருந்துதான் வீட்டுல இருக்கு. நாலு மில்லி ஊத்துறதுக்கே வீட்டுல மூணு பேரு பிடிக்கணும். இதுல எட்டுன்னு போட்டிருக்கீங்களே, நீங்க வந்து ஊட்டுவீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். இரண்டு வயது முதல் ஐந்து வரை உள்ள குழந்தைகளுக்கான அளவும், ஆறு முதல் பதினொன்று வரை உள்ளவர்களுக்கான அளவும் வரி மாறி விழுந்திருந்தன. மூன்று பெட்டித் தாள் மருந்துக்காரர்களின் கிடங்குக்குப் போய்விட்டிருந்தது. பிரிக்கப்படுவதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டது. யாருக்கும் தீங்கு நேரவில்லை. என்னால் நேராமல் போகவில்லை, பிளேடின் மகள் மருந்து குடிக்க அடம்பிடிக்கிறவள் என்பதால் நேராமல் போனது.

எண் எண்ணாகப் பார்த்தும் இது எப்படித் தப்பியது என்று புரியாமல், அன்று மாலையே கணினி பழுது பார்ப்பவரை வீட்டுக்கு அழைத்தேன். உன்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். செருகுகளைக் கழற்றி மாட்டினார், அமைப்புகளைத் திறந்து பார்த்தார், பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "இது மெஷின் கோளாறு இல்ல சார். இந்த மெல்லிசு மாடல், வெளியே ஒரு ஸ்கிரீனுக்குத்தான் தனிப் படம் குடுக்கும். ரெண்டு மாட்டினா ரெண்டுலயும் ஒரே படம்தான் வரும், கடைசியா எதைத் திறந்தீங்களோ அது." அதாவது நான் படியை அந்தப் படியோடேயே ஒப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மூலம் அதன் பின்னால் மறைந்து கிடந்தது. வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். மூடியைத் திறந்து வைத்திருந்தால் கணினியின் சொந்தத் திரையில் ஒன்று, வெளித் திரையில் ஒன்று என்று தனித்தனியாக வந்திருக்குமாம். வெளியிலேயே இரண்டு வேண்டுமென்றால், படத்தைத் தானே உருவாக்கும் சில்லு உள்ளே இருக்கும் வேறு வகைப் பெட்டி கடையில் கிடைக்குமாம், கூடவே ஒரு மென்பொருள் போட வேண்டுமாம், அரைமணி நேர வேலையாம். "செட் பண்ணினவருக்கு இது தெரிஞ்சிருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல் பையை எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கேட்டேன். தெரியும் என்றாய். தனித்தனியாக வருமா என்று மூன்று முறை முயன்று பார்த்ததாகவும், "ரெண்டும் எரிஞ்சா நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு விட்டுட்டேன்ப்பா" என்றும் சொன்னாய். நீ பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. பொய்க்காவது ஒரு வாக்கியம் செலவாகும். நீ அதைக்கூடச் செலவிடவில்லை. இந்தக் கணினியால் இது முடியாது அப்பா என்ற ஒரே வரி போதுமாயிருந்தது. நான் மூலத்தைத் தாளில் எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, ஒற்றைத் திரையோடு ஒரு குறையுமில்லாமல் வேலை பார்த்திருப்பேன். நான் வருத்தப்படுவேன் என்று நீயே முடிவு செய்து, எரிகிற விளக்கைக் காட்டிக் குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோல் என்னைச் சமாதானப்படுத்தினாய். அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் என்னை எழுந்து போக வைத்தது. "அந்த இணைப்புப் பெட்டி பழுதுன்னு நானே உங்க ஆபீசுக்கு ஒரு மெயில் போட்டுடறேன்ப்பா, நம்ம பேர்ல எதுவும் வராது" என்றாய். நம்ம பேர் என்று சொன்னாயே, அந்தப் பெயருக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று கேட்டாயா?

கீபோர்டு அக்கா என்று நாங்கள் கூப்பிடும் பெண்மணி நிற்கிறார். பக்கம் அமைப்பவர் அவர். அந்த இரண்டு வரியை மாற்றிப் போட்டவரும் அவர்தான். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். மேலாளர் என்னை உட்காரவைத்து, "உங்களைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா சார்? தப்பு அந்தம்மா தட்டினது. கண்ணுல படாம போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, உங்களோடது முடிஞ்சது" என்றார். நான் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக அந்தப் பத்தொன்பதையும் மறுபடி பார்க்க அனுமதி கேட்டு, மூலமும் படியுமாகத் தாளில் எடுத்துவந்தேன். இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அம்மா மூலத்தைக் கமா, புள்ளி விடாமல் உரக்கப் படித்தாள், நான் படியைப் பார்த்தேன். நடுநடுவே, "மயக்கம் வருமாம், வாந்தி வருமாம், தோல் தடிக்குமாம், இதுக்குக் காய்ச்சலே தேவலையே" என்று அவள் சொன்னதையும் மூலம் என்று நினைத்துப் படியில் தேடினேன். மற்ற பதினெட்டிலும் ஓர் எழுத்துப் பிழை இல்லை. அதற்கு என்ன பொருள் என்று யோசித்துப் பார். அந்த இருபத்து மூன்று நாளும் காவலுக்கு நின்றவர் அவர் ஒருவரே. தனக்குக் கீழே வலை இருக்கிறது என்று நம்பி வேலை செய்தார், வலை இல்லை. வேலையை இழந்து வீட்டில் உட்கார வேண்டியவர் அவரா?

வியாழக்கிழமை விசாரணை. அதுவரை 'ஒப்பிட்டேன்' என்ற சொல்லை எழுதும் உரிமையை என்னிடமிருந்து எடுத்திருக்கிறார்கள், அது நியாயம்தான். அதற்குப் பிறகு அது திரும்பி வராமலும் போகலாம். தட்டுகிறவர் கை தவறும் என்பதற்காகத்தான் என் நாற்காலி அங்கே போடப்பட்டிருக்கிறது, அந்தப் பத்தொன்பதிலும் நான் மூலத்தைப் பார்க்கவே இல்லை, கீபோர்டு அக்காவை மறுநாளே திரும்ப அழைக்க வேண்டும், இதைத்தான் சொல்லப் போகிறேன். இரண்டு திரையிலும் ஒரே அம்புக்குறி ஓடியதைக் கண்ணால் பார்த்தும் ஏன் என்று கேட்காதவன் நான், அதையும் சொல்வேன். உன் பெயர் அந்த அறையில் வராது. உன்னைக் காப்பாற்ற அல்ல, கையெழுத்து என்னுடையது. நீ அங்கிருந்து எந்த மின்னஞ்சலும் அனுப்பக் கூடாது. எனக்கு உன்னிடமிருந்து வேண்டியது ஒன்றுதான். 'முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது, சொல்லவில்லை' என்று ஒரு தாளில் உன் கையால் எழுதித் தபாலில் அனுப்பு. மன்னிப்பு, விளக்கம் எதுவும் சேர்க்காதே. அதை யாரிடமும் காட்ட மாட்டேன், மேசை இழுப்பறையில் இருக்கும். இனி நீ ஒன்று சரியாக இருக்கிறது என்று சொன்னால் நான் நம்ப வேண்டும், அதற்கு அது எனக்குத் தேவைப்படுகிறது.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும்; அவள் உன்மேல் கோபமாக இல்லை, அதனால் வழக்கம்போல் அவளிடம் பேசு, முழங்காலைப் பற்றி மறக்காமல் கேள். குனிந்தே உட்கார்ந்து வேலை செய்யாதே, கழுத்து என்னுடையதைப்போல் ஆகிவிடும். நீ நீண்ட ஆயுளும் நிறைந்த உடல்நலமும் பெற்று, உன்னை நம்பிக் கண்ணை மூடிக்கொள்கிறவர்களுக்குத் தகுதியானவனாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். தபால் தலையைச் சரிபார்த்து ஒட்டு, போன தடவை போதாமல் திரும்பிவிட்டது.

இந்தக் கடிதத்தை இருமுறை படித்து, நடந்ததையும் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். அச்சகத்தில் எழுத எனக்கு இப்போது உரிமையில்லாத சொல்லை இங்கே எழுதுகிறேன்.

ஒப்பிட்டேன்.

உன் அப்பா