மணல் பெட்டியைத் திரும்ப வைக்கக் கோரி

அனுப்புநர்
அ. லூர்து மேரி,
பால்வாடி ஆசிரியை,
செங்கல்மேட்டுக் கொட்டாய்,
இண்டூர் வழி, தருமபுரி வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: பால்வாடிப் பிள்ளைகளின் மணல் பெட்டியை உடைத்து அகற்றியது – மீண்டும் வைக்க உத்தரவு வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி ஊரில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டாண்டாகப் பாடம் நடத்துகிறேன். நான் வந்தபோது அவர்கள் கை கட்டி உட்கார்ந்து நூறு வரை ராகம் போட்டுச் சொல்வார்கள். அப்படிச் சொன்ன ஒரு பிள்ளையிடம் மூன்று புளியங்கொட்டை கேட்டேன். கை நிறைய அள்ளிக் கொடுத்தது.

2. ஆகவே பயிற்சியில் கற்றபடி ஒரு மரப்பெட்டியில் மணல் நிரப்பி, கொட்டாங்குச்சி, டப்பா, ஆழாக்கு எல்லாம் போட்டு வைத்தேன். எது நிறையும், எது வழியும் என்று பிள்ளைகள் அள்ளிக் கொட்டித் தாங்களே கண்டுகொண்டார்கள். லிட்டர் வந்த பிறகு சும்மா கிடந்த, சர்க்கார் முத்திரை குத்திய படி ஒன்றைக் கூட்டுறவுப் பண்டகசாலையில் கொடுத்தார்கள். அதைப் பார்த்த எங்கள் ஊராட்சித் தலைவரும், தம் களத்தில் கூலி அளந்த பழைய படியைத் தாமே கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு என் நன்றியை இங்கும் பதிவு செய்கிறேன்.

3. நஞ்சம்மாள் என்ற கூலிப் பெண்ணின் மகள் தீர்த்தம்மாள், வயது நான்கு, முத்திரைப் படி மணலைக் களத்துப் படியில் கொட்டினாள். வழிந்தது. குவித்து அள்ளியிருப்பாள் என்று நினைத்து, விளிம்போடு வழித்துவிட்டு மறுபடி கொட்டச் சொன்னேன். அப்போதும் ஓர் ஆழாக்கு மிஞ்சியது. “இந்தப் படிக்கு வவுறு சின்னதுங்க டீச்சர்” என்றாள். நான் வேறெதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

4. அவள் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். நஞ்சம்மாள் களத்தில் நின்று, “எத்தினி வருசமா இந்தப் படியிலீங்க எங்களுக்கு ராகி அளந்தீங்க?” என்று கேட்டார். “மண்ணுல வெளையாடற புள்ள பேச்சக் கேட்டுக்கிட்டு நாயம் பேச வந்துட்டியா” என்பது தலைவரின் பதில். மறுநாள் அவருடைய ஆட்கள் மணலை வாய்க்காலில் கொட்டிப் பெட்டியை உடைத்தார்கள். மண்ணில் விளையாடினால் சிரங்கு வருமாம். இதே பிள்ளைகள் மாலையில் அவர் தொழுவத்தில் சாணி அள்ளுகிறார்கள். அதில் சிரங்கு வருமென்று எவரும் இதுவரை சொன்னதில்லை.

5. பழையபடி கை கட்டி வாய்பாடு சொல்ல வேண்டும் என்பது இப்போது தலைவரின் கட்டளை. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். தீர்த்தம்மாள் மட்டும் வாய் திறப்பதில்லை.

6. களத்துப் படியைத் திருப்பிக் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் என் வேலை போகும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். அது பிள்ளைகளுக்குக் கொடுத்த பொருள்; பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் பலகையில் இருக்கிறது. நான் எடுத்துக் கொடுக்கமாட்டேன்.

ஆகவே தாங்கள் ஒருநாள் நேரில் வந்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, இரண்டு படிகளிலும் தங்கள் கையாலேயே கொட்டிப் பார்க்க வேண்டுகிறேன். மணல் பெட்டி வேண்டுமா வேண்டாமா என்று அதன் பிறகு உத்தரவிடலாம். மணல் வாய்க்காலில்தான் கிடக்கிறது. பிள்ளைகளே அள்ளி வருவார்கள்.

இடம்: செங்கல்மேட்டுக் கொட்டாய்
நாள்: 14-7-1969

பணியில் இருக்கும்வரை
பால்வாடி ஆசிரியை,
அ. லூர்து மேரி