என்னிடம் சொல்லாத எலும்பு

ஜூன் 12, சூசமிர் மேய்ச்சல்வெளி

பெட்டைக்குதிரையைக் கறக்க ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, மறுபாதத்தில் பாரம் முழுவதையும் போட வேண்டும். அந்தப் பாதம்தான் என் பகையாளி. நடுவில் உளி இறங்குகிறது.

மாமியார் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கல்யாண வீட்ல ஆடும்போது வலிக்காத கால், கறக்கும்போது மட்டும் வலிக்குமாக்கும்!" சிரித்து வைத்தேன்.

மாலையில் என் கணவர் எர்மெக் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். "மூட்டு வாதம்தான் உல்ஜான். போன வருஷம் குபாத்தே எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்துட்டுச் சொன்னானே." குபாத் அவருடைய பள்ளித் தோழன், எங்கள் வட்டார ஆஸ்பத்திரி டாக்டர். எர்மெக் நல்லவர்.

ஜூலை 3

கறக்கும்போது அழுதுவிட்டேன். குதிரை மட்டும் திரும்பிப் பார்த்தது.

செப்டம்பர் 18, பிஷ்கெக்

மலையிறங்கியதும் தங்கை என்னைத் தலைநகரில் இருக்கும் தன் மாடிவீட்டுக்கு இழுத்து வந்தாள். எலும்பு டாக்டர் நாசிரா பழைய படத்தையும் புதியதையும் விளக்கில் மாட்டினார். நடுப்பாதத்தில் படகு போல ஒரு சிறு எலும்பு. ரத்தம் போகாமல் செத்து நொறுங்கியிருக்கிறதாம். பெரியவர்களுக்கு அபூர்வமாக வருவது.

"போன வருஷப் படத்துலயே தெளிவா தெரியுதேம்மா! அப்பவே பாரம் போடாம இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. யாரும் சொல்லலையா?"

வெளியே வந்து குபாத்துக்குப் போன் போட்டேன்.

"எர்மெக்கிட்ட அன்னிக்கே சொன்னேனே தங்கச்சி. நோயாளிகிட்ட நேரா சொல்ற வழக்கம் நம்மகிட்ட ஏது? பக்குவமா நானே சொல்லிக்கறேன்னான்."

சொன்னார். வாதம் என்று.

செப்டம்பர் 19

தெரிஞ்சுக்கிட்டே கறக்க விட்டியே — எப்படிய்யா மனசு வந்துச்சு? அந்த வெந்நீரைத்தான் பொறுக்க முடியவில்லை.

செப்டம்பர் 21

எர்மெக் வந்தார். "சொன்னா பயந்துடுவ. அதோட... நீ இல்லாம யார் கறக்கறது? இந்தக் கோடை ஒண்ணு போகட்டும்னு நினைச்சேன்."

'அதோட'வுக்குப் பிறகு வந்ததுதான் நிஜம்.

நவம்பர் 6

அறுவை முடிந்தது. எலும்புகளைச் சேர்த்துத் திருகாணி போட்டிருக்கிறார்கள். எதுவானாலும் முதலில் என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று நாசிரா டாக்டரிடம் முன்பே கேட்டிருந்தேன். வாசலில் நின்ற எர்மெக்கைத் தாண்டி என் கட்டிலுக்கு வந்தார்.

ஏப்ரல் 20

எர்மெக் அழைத்துப் போக வந்தார். "குதிரைங்க குட்டி போட ஆரம்பிச்சாச்சு. நீ கறக்க வேண்டாம், சும்மா வந்து உக்காரு. அம்மா கேக்கறாங்க."

சும்மா உட்கார்ந்த மருமகளை அந்த மேய்ச்சல்வெளிக் கூடாரம் கண்டதுண்டா? வரவில்லை என்றேன். பாதத்தில் இன்னும் பாரம் போடக்கூடாது; டாக்டரைப் பார்க்க நேரமாகியிருந்தது. மாடிப்படியில் கை நீட்டினார். நான் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்தே இறங்கினேன். நீட்டிய கையோடு பின்னாலேயே வந்தார்.